கொட்டைப் புளி

என் பேரேட்டில் தங்கம் என்ற சொல்லே கிடையாது.
கொட்டை எடுத்த புளி என்று எழுதியிருந்தால்
அது புளிதான்,
வண்டியேறிக் கிருஷ்ணகிரி போகும்.
கொட்டைப் புளி என்றால்
மைசூர்ச் சீமைச் சுரங்கத்தின் அடியிலிருந்து
எவனோ கோவணத்தில் முடிந்து மேலேற்றி,
எவளோ புளி உருண்டைக்குள் பொதிந்து
எல்லைக் கரடு தாண்டி
வேப்பனப்பள்ளி மண்டிக்குக் கொண்டுவந்த
வெள்ளைக் கல்.

கல்லை முதலில் நக்கிப் பார்ப்பேன்.
ஈரத்தில்தான் மஞ்சள் நரம்பு தெரியும்.
புளிப்பும் வியர்வையும் சேர்ந்த அந்த ருசி
சோற்றில் கைவைக்கும்போதும் நாக்கில் இருக்கும்.
பிறகு உரலில் இடி, மரத்தட்டில் அலசல்,
ரசம் விட்டுப் பிசைந்து, துணியில் பிழிந்து,
வரட்டித் தணலில் வைத்தால்
கடைசியில் மிஞ்சும் ஒரு பொட்டு.
அதைத் தராசில் வைத்து
எதிர்த்தட்டில் குன்றிமணி போடுவேன்.

என் குன்றிமணிகளின் கறுப்புக் கண்ணில்
ஊசித் துளையிட்டு ஈயம் ஊற்றியிருந்தது.
மேலே ஒரு சொட்டு மை.
குப்பையில் கிடந்தாலும் நிறம் மங்காதாம் குன்றிமணி.
என் மண்டியிலும் மங்கவில்லை.

தோலா இருபத்தொரு ரூபாய் இருந்த காலம்.
கணக்குப் போட்டால் குன்றிமணிக்கு மூன்றரை அணா.
நான் கொடுத்தது இரண்டு.
அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகையில்
சீமையில் எதுவோ சரிந்து
இங்கே விலை ஏறியது.
கேழ்வரகு விற்காதவர்கள் தாலிக்குண்டை விற்றார்கள்.
குன்றிமணி ஐந்தணா.
நான் கொடுத்தது அதே இரண்டு.
புளி விலை ஏறவில்லையே என்பேன்.

திம்மக்கா அன்றைக்கு நின்றுகொண்டே இருந்தாள்.
பொட்டு ஆறியது. ஒன்பது குன்றிமணி என்றேன்.
அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து
தன் வேலியில் வெடித்த மணிகளைத்
தட்டில் ஒவ்வொன்றாகப் போட்டாள்.
பத்து. பதினொன்று.
பன்னிரண்டில் முள் நேரே நின்றது.

என் மணி ஒன்றை எடுத்து வாசற்படியில் வைத்தாள்.
இடிக்காமல் மிச்சமிருந்த தன் கல்லால்
ஒரே போடு.
சிவப்புத் தோல் சிதற
நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு துளி.

அதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.
"நேத்து என் நாத்தனார் மூக்குத்தியை வித்தா, சாவுகாரே.
கடைவீதியில அஞ்சணா போட்டான்.
மூக்குல இருந்தா ஒரு தங்கம்,
கல்லுல இருந்தா வேற தங்கமா?
நாலு குடுங்க.
ஒரணா உங்க ரசத்துக்கும் பயத்துக்கும்."

பன்னிரண்டு நாலு நாற்பத்தெட்டு.
மூன்று ரூபாய் எண்ணிக் கொடுத்தேன்.
கொட்டைப் புளி, ரூ. 3 என்று எழுதினேன்.
கை நடுங்கி மூன்றின் வால் நீண்டுவிட்டது,
இன்றும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது.

அதற்குப் பிறகு வந்தவர்களெல்லாம்
சொந்தக் குன்றிமணியோடு வந்தார்கள்.
தீர்த்தம் பக்கத்து மணி சிறுத்தது,
ஏரிக்கரை மணி கொழுத்தது,
ஒருத்தி பிஞ்சாகவே பறித்து வந்தாள்.
இரவில் மண்டியின் பின்கட்டில்
பொன்னை விட்டுவிட்டு
விதைகளைப் பற்றி அடித்துக்கொண்டோம்.
என் வாழ்நாளில் நான் அவ்வளவு சத்தமாக
நேர்மையைப் பற்றிப் பேசியதில்லை.

மாசியில் போலீஸ் வந்தது.
இன்ஸ்பெக்டர் பேரேட்டைப் புரட்டி
ஒரு வரியில் விரலை வைத்தார்.
"ஒன்றரைப் பலம் புளி மூன்று ரூபாயா?"
"இந்த வருஷம் காய்ப்பு கம்மி, ஐயா."
மண்டி நிறைய,
முற்றம் நிறைய,
அவர் பூட்ஸுக்கு அடியிலும் பிசுபிசுவென்று
புளி.

அவர் சிரித்தார்.
நானும் கொஞ்சம் சிரித்துவிட்டேன்.
அதுதான் தப்பு.